இரவு முழுக்க சைக்கிளில் நுவி பிளான்ஷ்: டொராண்டோ நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செப்டம்பர் பாதி தாண்டியதும் எங்கள் சைக்கிள் வாட்ஸ்அப் குழுவில் அதே கேள்விகள் வரிசையாக வரத் தொடங்கிவிடும். போன வருடப் பதிலைத் தேடி எடுத்து மறுபடி ஒட்டுவதற்கு, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைப்பது மேல் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

நுவி பிளான்ஷ்னா என்ன அக்கா? டிக்கெட் எவ்வளவு ஆகும்?

டிக்கெட்டே கிடையாது. டொராண்டோ நகராட்சி நடத்தும் இலவசக் கலைவிழா இது. சனிக்கிழமை மாலை 7 மணி வாக்கில் தொடங்கி ஞாயிறு காலை 7 மணி வரை நடக்கும். சதுக்கம், அருங்காட்சியகம், பல்கலைக்கழக வளாகம், சந்து என்று நகரத்தின் பல இடங்களில் ஒளி, ஒலி, சிற்பம், வீடியோ, நிகழ்த்துகலை எல்லாம் இருக்கும். பாரிஸில் 2002-இல் தொடங்கிய யோசனை. இங்கே 2006-இல் வந்தது. 2018-இல் முதல் முறையாக நகரின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவுக்கும் நீண்டது.

பெரும்பாலும் அக்டோபர் முதல் சனிக்கிழமை. ஆனால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள், 2023-இல் செப்டம்பர் 23-ஆம் தேதியே வந்துவிட்டது. நகராட்சித் தளத்தில் தேதியையும் வரைபடத்தையும் பார்த்துவிட்டு லீவு போடுங்கள்.

நடந்தே பாக்கலாமே, சைக்கிள் எதுக்கு?

ஒரே வட்டாரத்தைப் பார்ப்பதாக இருந்தால் நடை போதும், சைக்கிள் தொல்லைதான். ஆனால் படைப்புகள் கொத்துக் கொத்தாக, ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும். நகர மண்டபத்துக்கு முன்னால் உள்ள நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் ஒரு கொத்து, பல்கலைக்கழகப் பக்கம் ஒன்று, ஏரிக்கரையில் ஒன்று. கார் எடுத்தால் தெரு மூடியிருக்கும், பார்க்கிங் கிடைக்காது. ஸ்ட்ரீட்கார் (தெருவிலேயே ஓடும் டிராம்) சுற்றுவழியில் போகும்.

நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: கொத்துக்கும் கொத்துக்கும் நடுவில் சைக்கிள், கொத்துக்குள்ளே கால். இதைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானே கிடைத்துவிடும்.

என்கிட்ட சைக்கிளே இல்ல. வாடகைக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம். நகரத்தின் பொது வாடகை சைக்கிளான பைக் ஷேருக்கு நகர மையத்தில் தெருவுக்குத் தெரு நிலையங்கள் உண்டு. 16 வயது ஆகியிருக்க வேண்டும். ஒற்றைப் பயணத்துக்கு நிமிடக் கணக்கில் காசு ஏறும். ராத்திரி முழுக்கச் சுற்றப் போகிறவர்களுக்கு நாள் பாஸ்தான் சரி. அதிலும் ஒவ்வொரு பயணத்துக்கும் நேர வரம்பு இருக்கிறது, தாண்டினால் கூடுதல் கட்டணம். எனவே ஒரு கொத்துக்குப் போனதும் நிலையத்தில் சொருகிவிட்டு, கிளம்பும்போது வேறொன்று எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டுக் கவலை இல்லாதது இதன் பெரிய சௌகரியம்.

சிக்கல் ஒன்று: விழா இரவில் சதுக்கத்துக்குப் பக்கத்து நிலையங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். செயலியில் காலி இடம் பார்த்து, நாலு தெரு முன்னாலேயே விட்டுவிட்டு நடங்கள். சொருகியதும் பச்சை விளக்கு எரிந்ததா என்று பார்க்காமல் நகராதீர்கள். விளக்கு எரியாவிட்டால் உங்கள் கணக்கில் நிமிடம் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஊர்ல நல்லா ஓட்டுவேன். இங்க ரோட்ல ஓட்டினதே இல்ல, சமாளிச்சிடலாமா?

சமாளிக்கலாம், ஆனால் முதல் ஓட்டம் விழா இரவாக இருக்க வேண்டாம். முந்தைய வாரம் பகலில் ஒரு சுற்று போய் வாருங்கள். இங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். களைத்துப்போன நள்ளிரவு 3 மணிக்குத்தான் பழைய பழக்கம் தலைதூக்கும். காலியான தெருவில் திரும்பும்போது கை தானாக இடது பக்கம் இழுக்கும்.

இடப்பக்கம் திரும்புவதற்கு நடு ரோட்டுக்குப் போக வேண்டியதில்லை. சிக்னலில் நேராகக் கடந்து எதிர் மூலையில் நில்லுங்கள், சைக்கிளைத் திருப்பி வையுங்கள், அந்தப் பக்கத்துப் பச்சைக்குக் காத்திருந்து போங்கள். இன்னொன்று: ஒன்டாரியோவில் சிவப்பிலும் கார்கள் நின்று பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பலாம். அந்த டிரைவர் இடப்பக்கம் வரும் கார்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், உங்களை அல்ல. மற்றபடி, பலகையில் சைக்கிளுக்கு விலக்கு இல்லாதவரை ஒருவழித் தெரு சைக்கிளுக்கும் ஒருவழிதான். 14 வயது நிரம்பியவர்கள் நடைபாதையில் ஓட்டக் கூடாது என்று நகரத்தின் சட்டமும் உண்டு.

எல்லாரும் தண்டவாளம் தண்டவாளம்னு பயமுறுத்துறாங்க. அப்படி என்ன இருக்கு அதுல?

பயமுறுத்தவில்லை, உண்மையைத்தான் சொல்கிறார்கள். குயின், கிங், டண்டாஸ், காலேஜ், ஸ்பெடைனா, பாதர்ஸ்ட் தெருக்களில் ஸ்ட்ரீட்கார் தண்டவாளம் ரோட்டோடு ரோடாகப் பதிந்திருக்கிறது. தண்டவாளத்தின் உள்விளிம்பில் சக்கரம் ஓட ஒரு பள்ளம் இருக்கும். சாதாரண சைக்கிள் டயர் அதில் கச்சிதமாக இறங்கிவிடும். இறங்கிய டயர் திரும்பாது. ஹேண்டில் திரும்பும், நீங்கள் விழுவீர்கள். இந்த ஊரில் சைக்கிள் ஓட்டி கையை உடைத்துக்கொண்ட யாரிடமாவது காரணம் கேட்டுப் பாருங்கள்.

செய்ய வேண்டியது எளிது. தண்டவாளத்தைக் குறுக்கே, முடிந்தவரை நேர்செங்கோணத்தில் கடக்க வேண்டும். சாய்வாகக் கடக்கவே கூடாது. நின்றிருக்கும் காரைச் சுற்றிப் போவதற்காக மெல்ல ஒதுங்கும்போதுதான் பலரும் மாட்டுகிறார்கள். அப்போது வேகத்தைக் குறைத்து, பின்னால் பார்த்து, வெட்டி உள்ளே போய், வெட்டி வெளியே வாருங்கள். இரண்டு ஸ்ட்ரீட்கார் பாதைகள் சேரும் சந்திப்பில், ஸ்பெடைனாவும் குயினும் சந்திக்கும் இடம் மாதிரி, வளைந்த தண்டவாளங்கள் பின்னிக் கிடக்கும். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் யாரும் சிரிக்க மாட்டார்கள். கொஞ்சம் அகலமான டயர் இருந்தால் நல்லது, ஆனால் அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை.

ஸ்ட்ரீட்கார் நின்று கதவு திறந்தால் ஆட்கள் நேராக ரோட்டில்தான் இறங்குவார்கள். கதவுக்கு இரண்டு மீட்டர் பின்னாலேயே நிற்க வேண்டும், அது சட்டம்.

அப்ப தண்டவாளம் இல்லாத வழி எது?

குயினுக்குத் தெற்கே ரிச்மண்ட், அதற்கும் தெற்கே அடிலெய்டு. ரிச்மண்டில் மேற்கு நோக்கி, அடிலெய்டில் கிழக்கு நோக்கி சைக்கிள் பாதை. நகர மையத்தைக் குறுக்கே கடக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஒன்டாரியோ லைன் ரயில் வேலைக்காக குயின்–யங் சந்திப்புப் பகுதியை 2023-இல் மூடிய பிறகு ஸ்ட்ரீட்காரை இந்தத் தெருக்களின் ஒரு பகுதிக்குத் திருப்பிவிட்டார்கள்; அந்த இடத்தில் மட்டும் மேலே சொன்ன எச்சரிக்கை பொருந்தும். வடக்கு–தெற்காகப் போக செயின்ட் ஜார்ஜ், அப்படியே நீளும் பெவர்லி. ஏரிக்கரைக்கு மார்ட்டின் குட்மன் டிரெயில்.

ஒரு சின்ன ரகசியம்: ப்ளூர் தெருவிலிருந்து ஏரி வரை நிலம் மெல்லச் சரிகிறது. அதனால் நாங்கள் எப்போதும் மேலே பல்கலைக்கழகப் பக்கம் தொடங்கி, சதுக்கம் வழியாக, கீழே ஏரிக்கரையில் முடிப்போம். களைப்பு ஏற ஏற வழி இறக்கமாக இருக்கும். தலைகீழாகத் திட்டம் போட்டவர்கள் 4 மணிக்கு மேட்டில் மிதித்துக்கொண்டு என்னைத் திட்டியிருக்கிறார்கள். நான் போட்ட திட்டமே இல்லை அது.

லைட் கட்டாயமா? தெரு விளக்கு இருக்குமே?

கட்டாயம். சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பிருந்து உதித்து அரை மணி வரை, முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கோ பிரதிபலிப்பானோ இருக்க வேண்டும். மணியும் வேண்டும். அக்டோபர் தொடக்கத்தில் சூரியன் ஏழுக்குச் சற்று முன் மறைந்து, காலை 7.20 வாக்கில்தான் எழும். அதாவது விழாவின் கடைசி நிமிடம் வரை விளக்கு எரிய வேண்டும். யூ.எஸ்.பி. விளக்குகள் பல, முழு வெளிச்சத்தில் வைத்தால் சில மணி நேரத்திலேயே அணைந்துவிடும். பவர் பேங்க் எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டி நிறுத்தும்போது விளக்கைக் கழற்றிப் பையில் போடுங்கள், இல்லையென்றால் திரும்பி வரும்போது அது இருக்காது.

ஹெல்மெட்?

18 வயதுக்குக் கீழே சட்டப்படி கட்டாயம். மேலே உள்ளவர்களுக்குச் சாதாரண சைக்கிளில் கட்டாயம் இல்லை. ஆனால் மின்சார சைக்கிள் என்றால் எந்த வயதிலும் கட்டாயம். பைக் ஷேரில் மின்சார வண்டி கிடைத்ததும் ஆசையாக ஏறிவிடுகிறார்கள், அதற்கும் இதே சட்டம்தான். என்னோடு வருகிறவர்கள் எல்லோரும் ஹெல்மெட் போட்டுத்தான் ஆக வேண்டும். காரணம் தண்டவாளம் பற்றிய பதிலில் இருக்கிறது.

நாங்க பன்னிரண்டு பேர் ஒண்ணா வர்றோம், ஓகேவா?

வரலாம், ஒன்றாக ஓட்ட முடியாது. சிக்னலுக்கு சிக்னல் பாதிப் பேர் அறுந்துபோவார்கள், மீதிப் பேர் போனில் கத்திக்கொண்டு நிற்பார்கள். நாலைந்து பேராகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவிலும் வழி தெரிந்தவர் முன்னால், நிதானமானவர் கடைசியில். கடைசி ஆளைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது.

எல்லோரும் சேர இரண்டு நேரம், இரண்டு இடம் மட்டும் முடிவு செய்யுங்கள். "சதுக்கத்தில் சந்திக்கலாம்" என்பது இடம் இல்லை. அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் நிற்பார்கள். குறிப்பிட்ட ஒரு கடை வாசல், ஒரு தெரு மூலை என்று சொல்லுங்கள். நெரிசலில் மெசேஜ் தாமதமாகப் போகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கூட்டத்துக்குள்ள தள்ளிக்கிட்டே போகலாம்ல? பூட்டிட்டுப் போக பயமா இருக்கு.

வேண்டாம். தோளோடு தோள் உரசும் கூட்டத்தில் உங்கள் பெடல் யாருடைய கணுக்காலையாவது பதம் பார்க்கும். உள்ளரங்கப் படைப்புகளுக்குச் சைக்கிளோடு விடவும் மாட்டார்கள். இரண்டு மூன்று தெரு தள்ளியே நிறுத்திவிடுங்கள்.

பயம் நியாயமானதுதான், இந்த ஊரில் சைக்கிள் திருட்டு அதிகம். நகராட்சி நட்டிருக்கும் வளையம் வைத்த கம்பங்களில் பூட்டுங்கள். யு வடிவப் பூட்டு சைக்கிளின் ஃப்ரேமையும் பின் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கட்டும். முன் சக்கரத்துக்குக் கேபிள். கம்பத்தைப் பிடித்து ஒரு முறை ஆட்டிப் பாருங்கள், சில கம்பங்கள் அடியில் ஏற்கெனவே கழன்றிருக்கும். வெளிச்சமான, ஆள் நடமாட்டமுள்ள இடம் வேண்டும். சைக்கிளின் சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், புது சைக்கிளை அன்றைக்குக் கொண்டு வராதீர்கள்.

எத்தனை மணிக்குப் போனா நல்லா பாக்கலாம்?

9 முதல் நள்ளிரவு 1 வரை மகா கூட்டம். பெயர் பெற்ற படைப்புக்கு ஒரு மணி நேர வரிசை சாதாரணம். அந்த நேரத்தில் ஓரமான, யாரும் பேசாத படைப்புகளைப் பாருங்கள். 2 மணிக்கு மேல் சதுக்கத்துக்கு வாருங்கள். அப்போது அதே படைப்பின் முன்னால் நின்று நிதானமாகப் பார்க்கலாம், காவலுக்கு நிற்கும் தன்னார்வலரோடு பேசலாம். சைக்கிள்காரர்களுக்கு இதில்தான் ஆதாயம். மற்றவர்கள் கடைசி ரயிலை நினைத்துக் கிளம்பும்போது நாம் இருக்கலாம்.

ஐந்தாறு படைப்புகளை மட்டும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். வழியில் கண்ணில் படுவது தனி. முழுப் பட்டியலையும் முடிக்கப் பார்த்தவர்கள் கடைசியில் வரிசைகளைத்தான் பார்த்திருப்பார்கள்.

உண்மையச் சொல்லுங்க, இதெல்லாம் கலையா? போன தடவை ஒரு லைட்ட பாத்துட்டு வந்தேன், ஒண்ணும் புரியல.

எல்லாமே நன்றாக இருக்கும் என்று யார் சொன்னது? சில ஆண்டுகளில் வெறும் கலர் விளக்கும் செல்ஃபியும்தான் மிஞ்சும். ஆனால் நல்லது அமைந்தால் அந்த இடமே மாறிவிடும். 2006-இல், முதல் விழாவில், ஜப்பானியக் கலைஞர் ஃபுஜிகோ நகயா பல்கலைக்கழகத்தின் ஃபிலாசஃபர்ஸ் வாக் பாதையைப் பனிமூட்டத்தால் நிரப்பினார். அந்தப் பாதைக்கு அடியில் டாடில் கிரீக் என்ற பழைய ஓடை புதைந்து கிடக்கிறது. மூடிய ஓடை மேலே எழுந்து வந்த மாதிரி என்று நினைத்துப் பாருங்கள், விளக்கவுரையே தேவைப்படாது.

நம் ஆட்களுக்குப் பிடித்தது 2013-இல் ஐ வெய்வெய் செய்தது: நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் 3,144 சைக்கிள்களை ஒன்றோடொன்று கோத்து எழுப்பிய அமைப்பு. சீனாவில் வீட்டுக்கு வீடு இருந்த 'ஃபாரெவர்' என்ற சைக்கிளின் பெயர்தான் அதற்கு. சீன அரசு பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்திருந்ததால் அவரால் வர முடியவில்லை. எங்கும் ஓட முடியாத மூவாயிரம் சைக்கிள், ஊரை விட்டுப் போக முடியாத கலைஞர். இது தெரிந்து பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், படைப்பின் பக்கத்தில் உள்ள பலகையைப் படியுங்கள், இரண்டு நிமிடம் கூட ஆகாது.

அக்கா, நாங்கள் ஸ்கார்பரோவில இருக்கிறம். அங்கயிருந்து சைக்கிளிலயே டவுன்டவுன் வரேலுமோ?

ஏலும். ஆனால் 20 கிலோமீட்டருக்கு மேல் மிதித்து வந்து, பிறகு இரவெல்லாம் சுற்றி, மறுபடி அதே தூரம் திரும்ப வேண்டும். பழக்கம் இருந்தால் மட்டும். விக்டோரியா பார்க்குக்கு மேற்கே டான்ஃபோர்த்தில் சைக்கிள் பாதை கிடைக்கும், டான் பள்ளத்தாக்குப் பாலத்தைத் தாண்டினால் ப்ளூரிலும் உண்டு. மின்கம்பித் தடத்தை ஒட்டிய பூங்காப் பாதை பகலில் அருமை. இரவில் இருட்டு, குழுவாகப் போனாலும் எனக்குப் பிடிக்காது.

நான் சொல்லும் வழி: கென்னடி நிலையம் வரை சைக்கிள், அங்கிருந்து சப்வே. வார நாள் நெரிசல் நேரத்தில்தான் சப்வேயில் சைக்கிளுக்குத் தடை, சனிக்கிழமை தாராளமாக ஏற்றலாம். எஸ்கலேட்டரில் வேண்டாம், லிஃப்ட்டில் போங்கள். செயின்ட் ஜார்ஜில் இறங்கினால் மேலே சொன்ன இறக்க வழியின் தலைமாட்டிலேயே நிற்பீர்கள்.

இரவில சாப்பாட்டுக்கு என்ன செய்யிறது? வோஷ்ரூம்?

கிளம்பும்போதே ஸ்கார்பரோ டேக் அவுட்டில் ரோல்ஸும் பற்றீஸும் வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள். ஆறினாலும் சாப்பிடலாம், கையில் எண்ணெய் வழியாது. கொத்து ரொட்டி வேண்டாம், ஆறிய கொத்தைப் பிளாஸ்டிக் கரண்டியால் கிளறிக்கொண்டு நடுத்தெருவில் நிற்பது ஒரு அனுபவம்தான், ஆனால் நல்ல அனுபவம் இல்லை. ஒரு பிளாஸ்க் இஞ்சித் தேநீர் 3 மணிக்குப் பொன் பெறும். சுடச்சுட வேண்டுமென்றால் ஸ்பெடைனா சைனாடவுனில் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும் கடைகள் உண்டு.

கழிப்பறைக்கு விழா வரைபடத்தைப் பாருங்கள். எங்காவது வரிசை இல்லாத கழிப்பறை தென்பட்டால், தேவை இருக்கிறதோ இல்லையோ, போய்விடுங்கள்.

குளிருமா?

குளிரும். பின்னிரவில் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். ஓட்டும்போது வியர்த்து, வரிசையில் நிற்கும்போது அந்த வியர்வையே உறையும். பருத்தி பனியன் வேண்டாம். கம்பளியோ விளையாட்டுத் துணியோ உள்ளே, காற்றுப் புகாத ஜாக்கெட் மேலே. கையுறை மறக்க வேண்டாம், விறைத்த விரலால் பிரேக் பிடிக்க முடியாது.

மழை பெஞ்சா?

தூறலுக்கு விழா நிற்காது. ஈரத்தில் தண்டவாளமும், ரோட்டின் இரும்பு மூடிகளும், பெயிண்ட் கோடுகளும் வழுக்கும். நல்ல மழை என்றால் சைக்கிளை வீட்டிலேயே விட்டு ஒரே கொத்தை நடந்து பாருங்கள். இதில் வீரம் வேண்டாம்.

பொண்ணுங்க மட்டும் போறோம். வீட்ல கேக்குறாங்க, பாதுகாப்புதானா?

மற்ற எந்த இரவையும் விட அன்றைக்குத் தெருவில் ஆட்களும், தன்னார்வலர்களும், போலீஸும் அதிகம். கொத்துகளுக்குள் எனக்குப் பயம் இருந்ததில்லை. கவனம் வேண்டியது நடுவில் உள்ள காலித் தெருக்களில், முக்கியமாக மதுக்கடைகள் மூடும் 2 மணிக்குப் பிறகு ஒரு மணி நேரம். அப்போது யாரும் தனியாகப் பிரிய வேண்டாம், பூட்டைத் திறக்கப் போவது கூட இரண்டு பேராக. வீட்டாருக்கு லொக்கேஷன் ஷேர் செய்துவிடுங்கள், அவர்களும் தூங்குவார்கள்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாமா?

7 முதல் 9 வரை தாராளமாக. 13 வயது வரை நடைபாதையில் ஓட்டலாம், பெரியவர்கள் கூடவே ரோட்டில். கூட்டம் ஏறுவதற்குள் கிளம்பிவிடுங்கள்.

ரெண்டு பியர் அடிச்சிட்டு சைக்கிள் ஓட்டினா கேஸ் போடுவாங்களா? கார் இல்லையே.

காலால் மிதிக்கும் சைக்கிளுக்குப் போதையில் வண்டி ஓட்டிய கிரிமினல் வழக்கு வராது. ஆனால் கவனமின்றி ஓட்டியதாகவோ பொது இடத்தில் போதையில் இருந்ததாகவோ பிடிக்கலாம். மின்சார சைக்கிளுக்கு மோட்டார் இருப்பதால் கதை வேறு, கார் ஓட்டிய மாதிரியே வழக்கு. பைக் ஷேரின் மின்சார வண்டிக்கும் அதேதான். எப்படியானாலும், நிதானம் தவறியவரைத் தண்டவாளத் தெருவில் எங்கள் குழு கூட்டிப் போகாது.

பாதியில ஒருத்தருக்குத் தூக்கம் வந்துட்டா, இல்ல பஞ்சர் ஆயிட்டா எப்படி வீட்டுக்குப் போறது?

பஞ்சருக்கு ஒரு டியூப், லீவர், கைப்பம்பு குழுவுக்கு ஒன்று போதும். அன்றைக்குத் தெருவில் உடைந்த பாட்டில் கிடப்பது சகஜம். சரி செய்ய முடியாவிட்டால் சைக்கிளை நல்ல கம்பமாகப் பார்த்துப் பூட்டிவிட்டு பைக் ஷேரில் தொடருங்கள்.

வீடு திரும்ப, விழாவுக்காக சப்வே எவ்வளவு நேரம் ஓடும் என்று நகரப் போக்குவரத்து நிறுவனமான டி.டி.சி. அறிவிப்பதைப் பாருங்கள், அது ஆண்டுக்கு ஆண்டு மாறும். சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் சப்வே காலை 8 மணி வாக்கில்தான் தொடங்கும். இரவுப் பேருந்துகள் உண்டு, ப்ளூர்–டான்ஃபோர்த் வழியே 300. ஆனால் பேருந்தின் முன்னால் உள்ள தாங்கியில் இரண்டு சைக்கிள்தான் நிற்கும். நாலு பேர் என்றால் இரண்டு பேர் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு பேர் யார் என்பதை 5 மணிக்குச் சண்டை போட்டு முடிவு செய்யாமல் கிளம்பும்போதே பேசிவிடுங்கள். சைக்கிளை விட்டுவிட்டுப் போகிறவர் ஞாயிறு மதியம் வந்து எடுத்துக்கொள்ளலாம். பிரிவதற்கு முன் பூட்டுச் சாவி யார் பையில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.